அகற்றிய புராஸ்டேட்டில் விரவல் எம்.ஆர்.ஐ.: ஃபார்மலின் என்ன செய்யும், நீங்கள் என்ன செய்ய வேண்டும்

அறுவை சிகிச்சையில் அகற்றிய புராஸ்டேட் சுரப்பியை எம்.ஆர்.ஐ. எடுத்து, அதே சுரப்பியின் நுண்ணோக்கித் தகடுகளோடு ஒப்பிட விரும்பும் மாணவர்கள் கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் ஆண்டுதோறும் புதிதாக வருகிறார்கள். கதிரியக்கவியல் முதுகலை மாணவர்களும் உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வு மாணவர்களுமே அவர்களில் பெரும்பாலோர். ஸ்கேனரின் அமைப்புகளைப் பற்றி வேண்டிய அளவு படித்துவிட்டு வரும் இவர்கள், திசு எத்தனை மணிக்கு உடலைவிட்டு வெளியே வந்தது, எத்தனை மணிக்குத் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் இறங்கியது என்ற இரண்டு நேரங்களைக் குறித்து வைப்பதில்லை. விரவல் அளவீட்டில் அந்த இரண்டு நேரங்கள் ஸ்கேனரின் காந்த வலிமையைச் சொல்லும் டெஸ்லா எண்ணைவிட அதிகம் பேசும் என்பது இந்த வேலையில் போராடிக் கற்றுக்கொண்ட என் கருத்து. நீங்களும் அதே பாட்டைப் பட வேண்டாம் என்பதற்காகவே படிப்படியாக எழுதுகிறேன்.

1. புதிய திசுவா, பதப்படுத்திய திசுவா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விரவல் எம்.ஆர்.ஐ. திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் தாறுமாறாக நகர்ந்து பரவுவதை, அதாவது விரவலை, அளக்கிறது. அந்த அளவை ஏ.டி.சி. (தோற்ற விரவல் கெழு) என்கிறோம். உயிருள்ள உடலில் புராஸ்டேட்டின் வெளிப்புற மண்டலம் நலமாக இருந்தால் ஏ.டி.சி. ஏறத்தாழ 1.6 முதல் 2.0 × 10⁻³ மி.மீ²/விநாடி வரை இருக்கும். புற்று இருக்கும் இடத்தில் அது 1.0 × 10⁻³ பக்கத்திலோ அதற்குக் கீழேயோ இறங்கும். நீர் தடையின்றி அலையும் சுரப்பிக் குழிகள் அழிந்து, அவ்விடத்தில் குழிகளின் உட்சுவரை அமைக்கும் எபிதீலியச் செல்கள் நெருக்கமாக அடைந்துவிடுவதே இதற்கு முக்கியக் காரணம்.

சுரப்பி வெளியே வந்ததும் இந்த எண்கள் எல்லாம் மாறத் தொடங்குகின்றன. இரத்த ஓட்டம் நின்றதும் செல்கள் வீங்கி, ஏ.டி.சி. குறைகிறது. சில மணி நேரம் கழித்துத் தன்சிதைவு தொடங்கி, செல் சவ்வுகள் உடைந்தால் அது எதிர்த்திசையிலும் போகலாம். ஃபார்மலின் இந்தச் சிதைவை நிறுத்துகிறது. ஆனால் புரதங்களைக் குறுக்குப் பிணைப்பால் கட்டிப்போட்டு, ஏ.டி.சி., எம்.ஆர்.ஐ. சைகை மீளும் காலமான டி1, அது தேயும் காலமான டி2 ஆகிய மூன்றையும் தன் பங்குக்குக் குறைக்கிறது.

ஆகவே புதிய திசு உடலுக்கு நெருக்கமான விடையைத் தரும், ஆனால் காத்திருக்காது. பதப்படுத்திய திசு காத்திருக்கும், ஆனால் வேறு விடையைத் தரும். அறுவை அரங்கும் ஸ்கேனரும் ஒரே வளாகத்தில் இருந்து, நோய்க்கூறியல் துறையும் ஒப்புக்கொண்டால் மட்டுமே புதிய திசுவை நினைத்துப் பாருங்கள். ஈரோட்டில் அறுவை சிகிச்சை, கோவையில் ஸ்கேன் என்றால் பதப்படுத்திய திசுவே உங்கள் வழி. பாதி மாதிரிகளைப் புதிதாகவும் பாதியைப் பதப்படுத்தியும் எடுத்து ஒரே அட்டவணையில் சேர்ப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

பாரஃபின் மெழுகுக் கட்டைகள்தான் கையில் இருக்கின்றன, அவற்றை எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். மெழுகேற்றும்போது திசுவின் நீர் முழுவதும் வெளியேற்றப்படுகிறது. நீர் இல்லாத இடத்தில் நீரின் விரவலை அளக்க வழியில்லை. உறையவைத்த திசுவும் ஆகாது, ஏனெனில் பனிப்படிகங்கள் செல் சவ்வுகளைக் கிழித்துவிடும்.

2. ஆவணங்கள்

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துண்டுத் திசுவைக்கூடத் தொடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள்தான் அடிப்படை நூல். அதில் உயிரியல் மாதிரிகள் பற்றிய பகுதியைப் படித்துவிட்டே விண்ணப்பம் எழுதுங்கள். உங்கள் விண்ணப்பம் போகும் குழு, 2019 ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பொறியியல் கல்லூரியிலிருந்து வருகிறவர்கள் மருத்துவமனையின் குழுவிடமே போக வேண்டியிருக்கும். அங்கே துறைசார் மருத்துவர் ஒருவர் இணை ஆய்வாளராகக் கையெழுத்திடாமல் விண்ணப்பம் நகராது.

எடுத்துப் போக வேண்டியவை இவை: ஆய்வுத் திட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும் நோயாளிக்கான தகவல் தாளும் ஒப்புதல் படிவமும், நோய்க்கூறியல் துறைத் தலைவரின் இசைவுக் கடிதம், கதிரியக்கவியல் துறையின் இசைவுக் கடிதம், ஆய்வாளர்களின் தன்விவரக் குறிப்புகள், செலவு யார் பொறுப்பு என்ற விளக்கம். திசு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்றால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும். இந்த ஒப்பந்தம்தான் மிகவும் தாமதமாகும் தாள், ஏனெனில் இரு நிறுவனங்களின் நிர்வாக அலுவலகங்களும் அதைப் படிக்க வேண்டும். ஆகவே அதை முதலில் தொடங்குங்கள்.

ஒப்புதல் படிவத்தில் ‘அகற்றிய உறுப்பு ஆய்வுக்குப் பயன்படும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. நோய் அறிக்கை தாமதமாகாது, கூடுதல் திசு எடுக்கப்படாது, பெயர் வெளிவராது என்ற மூன்றையும் நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். அறுபது வயதைத் தாண்டிய நோயாளிகள் பலர் படிவத்தைத் தம் மகனிடமோ மகளிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லுவார்கள். அதற்கு நேரம் கொடுத்து, அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். அரங்கின் வாசலில் படுக்கையில் இருப்பவரிடம் பேனாவை நீட்டுவது முறையல்ல.

3. நோய்க்கூறியல் துறையோடு பேசிக்கொள்ள வேண்டியவை

சுரப்பி உங்களுடையது அல்ல. நோயாளிக்கு அறிக்கை எழுதப் போகும் துறையுடையது. எத்தனை மணி நேரம் அதை உங்களுக்குத் தருவார்கள், யார் கையெழுத்திட்டு எடுப்பது, விளிம்பில் மை பூசுவது ஸ்கேனுக்கு முன்பா பின்பா என்பனவற்றை எழுத்தில் பெறுங்கள். சில நிறமிகளில் இரும்புச் சேர்மங்கள் இருக்கும். அவை பிம்பத்தில் கருங்குழிகளை உண்டாக்கும். ஆகவே துறையில் பயன்படும் ஒவ்வொரு மையையும் ஒரு துண்டு ஆட்டிறைச்சியில் தடவி முன்கூட்டியே ஸ்கேன் செய்து பாருங்கள்.

அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தக் கிளிப் போடுகிறீர்கள்? டைட்டானியம் கிளிப்புகள் திசுவோடு வந்தால் சுற்றிலும் பிம்பம் சிதையும். பாலிமர் கிளிப்புகளால் அந்தத் தொல்லை இல்லை.

4. நேரப் பதிவேடு

ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இரத்தக் குழாய்கள் கட்டப்பட்ட நேரம், சுரப்பி உடலைவிட்டு வந்த நேரம், ஃபார்மலினில் இறங்கிய நேரம், ஃபார்மலின் மாற்றிய நேரம், கழுவத் தொடங்கிய நேரம், ஸ்கேன் தொடங்கிய நேரமும் அப்போதைய வெப்பநிலையும், மீண்டும் ஃபார்மலினில் வைத்த நேரம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் போடுங்கள். ரோபோ உதவியுடனோ லேப்பராஸ்கோப்பியிலோ அறுவை நடக்கும்போது சுரப்பியை விடுவித்துப் பைக்குள் போட்டுவிட்டு மற்ற வேலைகளை முடித்த பிறகே வெளியே எடுப்பார்கள். அந்த நேரம் முழுவதும் சுரப்பி இரத்தமின்றி, உடல் வெப்பத்திலேயே கிடக்கிறது என்பதால் முதல் கட்டத்தையும் இரண்டாவதையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

நோட்டை உங்கள் பையில் வைத்துக்கொண்டால் பயனில்லை, அரங்கிலேயே வைக்க வேண்டும். என் முதல் மாதிரி ஒன்றைப் பெற்றுக்கொண்ட ஆய்வகப் பணியாளர், டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இதை எத்தனை மணிக்குப் போட்டாங்கன்னு மேல ஒண்ணுமே எழுதலைங்களே” என்றார். டப்பாவின் மேல் நோயாளி எண்ணும் தேதியும் மட்டுமே இருந்தன. மறுநாள் அரங்கில் விசாரித்தபோது ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். அந்த மாதிரியைக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. இப்போது டப்பாவோடு மணி, நிமிடம் எழுதும் ஸ்டிக்கரை முன்கூட்டியே ஒட்டி அரங்கிற்கு அனுப்பிவிடுகிறேன். மூடியில் ஒட்டினால் மூடி மாறிப்போகும், டப்பாவின் உடலில்தான் ஒட்ட வேண்டும்.

5. ஃபார்மலின்: கலவை, அளவு, காலம்

பயன்படுத்த வேண்டியது 10 சதவீத நடுநிலைத் தாங்கல் ஃபார்மலின். அதில் உண்மையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு ஏறத்தாழ 4 சதவீதம். நீங்களே கலப்பதானால், 1 லிட்டருக்கு 37 முதல் 40 சதவீதச் செறிவுள்ள ஃபார்மால்டிஹைடு 100 மி.லி., வாலை வடிநீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் ஃபாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் ஃபாஸ்பேட் 6.5 கிராம். குழாய்த் தண்ணீரில் வெறுமனே கலந்த ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகி, திசுவில் கரும்பழுப்புப் படிவை உண்டாக்கும். எல்லா மாதிரிகளுக்கும் ஒரே கலவை வேண்டும் என்பதற்காகவாவது இதைத் தவிருங்கள். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என உறுதி செய்யப்பட்ட பொருள். காற்றோட்டமுள்ள கூண்டு, நைட்ரைல் கையுறை, கண்ணாடி ஆகியவை இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

திசுவின் எடையைப் போல் பத்து முதல் இருபது மடங்கு திரவம் வேண்டும். 50 கிராம் சுரப்பிக்கு 1 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தவறில்லை. வாய் குறுகலான பாட்டிலில் திணித்தால் சுரப்பி அந்த வடிவத்திலேயே இறுகிவிடும், பிறகு உயிருள்ளபோது எடுத்த படத்தோடு பொருத்தவே முடியாது. அகன்ற வாயுள்ள டப்பாவின் அடியில் துணியோ பஞ்சோ விரித்து, எல்லாப் பக்கமும் திரவம் படும்படி வையுங்கள்.

காலம்தான் இந்தக் கட்டுரையில் நான் அதிகம் வற்புறுத்த விரும்பும் செய்தி. ஃபார்மலின் திசுவுக்குள் தொடக்கத்தில் மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. என்ற வேகத்தில் இறங்கும். ஆழம் கூடக்கூட வேகம் குறையும். 4 செ.மீ. அகலமுள்ள சுரப்பியின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்த பிறகும் குறுக்குப் பிணைப்பு முழுமையடையக் கூடுதல் நேரம் தேவை. அதற்குள் ஸ்கேன் செய்தால் என்ன தெரியும்? விளிம்பு பதப்பட்டு ஏ.டி.சி. குறைந்தும், நடு இன்னும் பதப்படாமல் வேறு மதிப்பிலும் நிற்கும். புராஸ்டேட் புற்றுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் வெளிப்புற மண்டலத்தில்தான் தோன்றுகின்றன. ஆகவே ‘வெளிப்புறத்தில் ஏ.டி.சி. குறைவு’ என்று திரையில் தெரிவது நோயா, ஃபார்மலின் போட்ட கோலமா என்று பிரித்தறிய முடியாத நிலை வந்துவிடும். இதைவிட மோசமான பொறி இந்த வேலையில் இல்லை, ஏனெனில் படம் பார்க்க அழகாகவும் நம்பும்படியும் இருக்கும்.

தற்காப்பு எளிது. எல்லா மாதிரிகளையும் ஒரே கால அளவுக்குப் பதப்படுத்துங்கள்; முழுச் சுரப்பிக்கு 48 மணி நேரத்திற்குக் குறையாமல் வைக்க நோய்க்கூறியல் துறையின் இசைவைக் கேளுங்கள். நுண்ணிய ஊசியால் பல இடங்களில் ஃபார்மலினைச் செலுத்தி நடுவை விரைவாகப் பதப்படுத்தும் வழியும் உண்டு. அதைச் செய்தால் எல்லாவற்றிற்கும் செய்யுங்கள். ஆனால் காலத்தை மேலும் மேலும் நீட்டவும் முடியாது. அளவுக்கு மீறிப் பதப்பட்ட திசுவில் இம்யூனோ சாயங்கள் பிடிப்பதும் டி.என்.ஏ. பரிசோதனையும் பாதிக்கப்படும் என்ற துறையினரின் கவலை நியாயமானது.

6. ஃபார்மலினைக் கழுவி எடுத்தல்

திசுவில் கட்டுறாமல் எஞ்சியிருக்கும் ஃபார்மலின் டி2 மதிப்பைக் குறைக்கிறது. அதனால் சைகை விரைவில் தேய்ந்து, விரவல் படத்தில் இரைச்சல் மிகும். ஸ்கேனுக்கு முன் ஃபாஸ்பேட் தாங்கல் உப்புக் கரைசலில் ஒரு நாளோ அதற்கு மேலோ ஊறவைத்து, இடையில் கரைசலை மாற்றினால் டி2 பெருமளவு மீளும். குறுக்குப் பிணைப்புகள் மீளா, ஏ.டி.சி. புதிய திசுவின் மதிப்புக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். கழுவிய, கழுவாத மாதிரிகளைக் கலக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கழுவும் கரைசலில் பூஞ்சை வராமலிருக்கச் சோடியம் அசைடு சேர்ப்போர் உண்டு. அது கொடிய நஞ்சு, செம்பு அல்லது ஈயக் குழாயுள்ள தொட்டியில் ஊற்றினால் வெடிக்கும் சேர்மமாக மாறக் கூடியது. ஒரு நாள் வேலைக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம். குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் வைத்துக் கழுவினாலே போதும்.

7. பெட்டியும் அதில் நிரப்பும் திரவமும்

காற்றுக் குமிழிதான் இங்கே எதிரி. திசுவை ஒட்டிய ஒரு சிறு குமிழிகூட, விரவல் அளவீட்டுக்கு வழக்கமாகப் பயன்படும் எக்கோ பிளானார் என்ற விரைவு முறைப் படத்தில் பெரிய சிதைவை உண்டாக்கும். மூழ்கவைத்த நிலையில் மெல்லிய வெற்றிடத்தில் வைத்துக் குமிழிகளை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். நிரப்புவதற்குப் பெர்ஃபுளோரோ எண்ணெய் வகைத் திரவம் சிறந்தது. அதில் ஹைட்ரஜன் இல்லாததால் படத்தில் பின்னணி முழுக் கறுப்பாக இருக்கும். விலை அதிகம், ஆனால் வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வாங்க இயலாதவர்கள் உப்புக் கரைசலையே பயன்படுத்தலாம். சுற்றியுள்ள நீரின் ஒளிர்வைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி செய்ய நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. கணபதியிலும் பீளமேட்டிலும் அக்ரிலிக் வேலையும் 3டி பிரிண்டிங்கும் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. திருகாணிகள் நைலானாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள்; அதோடு நில்லாமல், பெட்டி கைக்கு வந்ததும் ஒவ்வொரு துளையையும் பாருங்கள். பக்கத்து லேத்தில் இரும்பு ஓடும் பட்டறையில் துளையிட்ட அக்ரிலிக்கில், மரையின் பள்ளத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில் இரும்புச் சீவல் ஒட்டியிருக்கும். காந்தம் ஒன்றைத் துளைமேல் தேய்த்து, பின் தண்ணீர்விட்டுக் கழுவி, திசு இல்லாமல் வெறும் நீரோடு ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள். அதே பெட்டியில் 5 மி.மீ. இடைவெளியில் வெட்டு வழிகாட்டிப் பள்ளங்களையும் வைக்கச் சொன்னால், ஸ்கேன் அடுக்கும் நோய்க்கூறியல் வெட்டும் ஒரே தளத்தில் அமையும்.

8. வெப்பநிலை

தூய நீரின் விரவல் கெழு 37 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 3.0 × 10⁻³ மி.மீ²/விநாடி, 25 பாகையில் 2.3, 20 பாகையில் 2.0. உடலிலிருந்து குளிரூட்டிய ஸ்கேன் அறைக்கு வந்ததாலேயே, ஃபார்மலின் ஏதும் செய்யாமலே, மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அடுத்தவர் கட்டுரையில் உள்ள எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும் முன் அவர் எந்த வெப்பநிலையில் எடுத்தார் என்று பாருங்கள்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியை நேரே ஸ்கேனரில் வைத்தால் படம் ஓடும்போதே அது சூடேறி, முதல் பி-மதிப்பும் (படம் விரவலை எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்று நாம் வைக்கும் அமைப்பு) கடைசி பி-மதிப்பும் வெவ்வேறு வெப்பநிலையில் அமையும். இரவு முழுவதும் ஸ்கேன் அறையிலேயே வைத்துவிட்டுக் காலையில் எடுங்கள். பெட்டியோரம் ஒரு சிறு குழாயில் தூய நீரை அடைத்து வைத்தால், அதன் ஏ.டி.சி.யே உங்களுக்கு வெப்பமானியாக உதவும்.

ஈரோட்டிலோ கரூரிலோ இருந்து சித்திரை, வைகாசியில் மாதிரி கொண்டுவருவோர் காரின் பின்பெட்டியில் வைக்காதீர்கள். நிறுத்திய காரின் வெப்பம் சிதைவையும் பதப்படுதலையும் ஒருசேர முடுக்கிவிடும். ஒழுகாத இரட்டை உறை, அதற்கு வெளியே குளிர்ப்பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்ற சீட்டு, நிறுவனக் கடிதத்தின் நகல் ஆகியவற்றோடு வாருங்கள். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வரும் பொருள் அல்ல இது.

9. ஸ்கேன் அமைப்புகள்

நம் பக்கத்தில் பெரும்பாலும் கிடைப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா மருத்துவ ஸ்கேனர். சைகையை வாங்க மணிக்கட்டுச் சுருளோ முழங்காற் சுருளோ பயன்படுத்துங்கள். வயிற்றுச் சுருள் இவ்வளவு சிறிய பொருளுக்குப் பொருந்தாது. உடலில் எடுக்கும் 800, 1000 என்ற பி-மதிப்புகள் இங்கே போதா. பி-மதிப்பையும் ஏ.டி.சி.யையும் பெருக்கினால் 1 அல்லது சற்று மேல் வரும்படி அமைப்பது பொதுவிதி, திசுவின் ஏ.டி.சி. 0.5 × 10⁻³ ஆகக் குறைந்திருந்தால் பி-மதிப்பு 2000க்கு மேல் தேவைப்படும். ஆனால் உயர்ந்த பி-மதிப்பில் சைகை இரைச்சலின் தரைமட்டத்தைத் தொட்டுவிட்டால் ஏ.டி.சி. பொய்யாகக் குறைந்து காட்டும். எக்கோ நேரத்தை இயன்ற அளவு குறைத்து, சராசரி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். திசு மூச்சுவிடப் போவதில்லை என்பதால் மணிக்கணக்கில் எடுக்கலாம்.

ஸ்கேனரில் பதியும்போது நோயாளியின் பெயரையோ மருத்துவமனை எண்ணையோ இடாதீர்கள். ஆய்வுக் குறியீடு மட்டும் போதும். படக் கோப்பின் தலைப்பில் பதிந்த பெயர் பிறகு எங்கெல்லாம் போகும் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது.

10. செலவும் காலமும்

பெரும் செலவு ஸ்கேனர் நேரம்தான். பகலில் நோயாளிகள் வரிசை இருக்கும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கேட்டால் சலுகை கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் தொழில்நுட்பருக்கான கூடுதல் நேரப் படியை உங்கள் நிதியில் ஒதுக்கியிருக்க வேண்டும். அடுத்தது பெர்ஃபுளோரோ திரவம், அதற்கடுத்தது முழுச் சுரப்பித் தகடுகளுக்கான பெரிய கண்ணாடிகளும் மெழுகுக் கட்டைகளும். ஃபார்மலின், உப்பு, பெட்டி எல்லாம் சேர்த்தாலும் இவற்றின் பக்கத்தில் வராது. வெளியாரிடம் நெறிமுறைக் குழுக்கள் பரிசீலனைக் கட்டணம் வாங்குவதுண்டு. விண்ணப்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

குழு எந்த நாளில் கூடுகிறது, அதற்கு எத்தனை நாள் முன்பு தாள்கள் போய்ச் சேர வேண்டும் என்பதைச் செயலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது வரை காத்திருக்க வேண்டும், திருத்தம் கேட்டால் அதற்கடுத்தது வரை. இரண்டாண்டு ஆய்வில் முதல் ஆறு மாதத்தைத் தாள்களுக்கென்றே விட்டுவிடுவது நல்லது.

மாதிரி வந்த பிறகு வேலை வாரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். திங்களன்று அறுவை என்றால் புதன்வரை ஃபார்மலின், வியாழன் கழுவுதல், அன்றிரவு ஸ்கேன் அறை, வெள்ளி காலை ஸ்கேன், மதியம் திருப்பி ஒப்படைத்தல். வியாழனன்று நடக்கும் அறுவை ஞாயிற்றுக்கிழமையில் சிக்கி, பதப்படும் காலம் நீண்டுவிடும். அத்தகைய மாதிரியை விட்டுவிடுவதே மேல்.

11. எண்களை எப்படிப் படிப்பது

பதப்படுத்திய திசுவின் ஏ.டி.சி. எண்ணை எடுத்து, உயிருள்ள நோயாளியின் எண்ணுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். நம்பத்தக்கது வரிசைதான்: சுரப்பிக் குழியில் விரவல் அதிகம், குழிகளுக்கு இடையே உள்ள தாங்கு திசுவான ஸ்ட்ரோமாவில் இடைநிலை, எபிதீலியத்தில் மிகக் குறைவு. இந்த வரிசை ஃபார்மலினுக்குப் பிறகும் நிலைக்கிறது. சைகை இரண்டு வேகங்களில் தேய்வதாகக் கொள்ளும் இரட்டை அடுக்குக்குறிக் கணிதச் சமன்பாட்டைப் பொருத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உடலில் தாழ்ந்த பி-மதிப்புகளில் இரத்த ஓட்டத்தின் பங்கு இருக்கும், வெளியே எடுத்த திசுவில் அது இருக்கவே முடியாது. அப்படியும் இரண்டு கூறுகள் தெரிந்தால் அவை திசு அமைப்பிலிருந்து வருபவை. பதப்பட்ட திசு நீள அளவில் சில சதவீதம் சுருங்கியிருக்கும் என்பதையும் படத்தைத் தகட்டோடு பொருத்தும்போது கணக்கில் சேருங்கள். சுரப்பியை வெட்டிய பிறகு ஸ்கேன் செய்தால் குழிகளில் இருந்த இயல்பான நீர்மம் வடிந்து, கரைசல் நிரம்பியிருக்கும். குழியின் மதிப்பை அப்போது திசுவின் பண்பு என்று எழுதக் கூடாது.

12. ஒப்படைத்தலும் கழிவும்

ஸ்கேன் முடிந்த அன்றே சுரப்பியைப் புதிய ஃபார்மலினில் வைத்து, முன் பக்கம் எது, வலப்பக்கம் எது என்ற குறியோடு நோய்க்கூறியல் துறையில் கொடுத்து, பதிவேட்டில் பெற்றவரின் கையெழுத்தை வாங்குங்கள். 2016 ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மனித உடற்கழிவு மஞ்சள் பையில் போக வேண்டும். பயன்படுத்திய ஃபார்மலினும் அதே மஞ்சள் வகையில் வேதியியல் திரவக் கழிவாகத் தனியே சேர்க்கப்பட வேண்டும், கைகழுவும் தொட்டியில் ஊற்றக் கூடாது. பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் அந்த ஏற்பாடு இருக்காது என்பதால், கழுவிய கரைசலையும் சேர்த்து மூடிய கேனில் மருத்துவமனைக்கே திருப்பி அனுப்ப ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.